லியோ பெண்டர்

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த பெற்றோருக்கு 1909ஆம் ஆண்டு லியோ பெண்டர் பிறந்தார். எட்டாம் வயதில் நோயினால் இடக்கண்ணை இழந்தார். எனினும் ஊக்கத்தை இழந்தாரல்லர். கணக்கராகப் பணியாற்றி வேலையிழந்த அவர், 1938இல் புல்லர்ட்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடையொன்றைத் தொடங்கினார். அங்கு வந்த இசைக்கலைஞர்கள் தம் இன்னல்களை அவரிடம் எடுத்துரைத்தனர்.

அந்நாளில் மந்தர ஒலிக்கெனப் பயன்பட்ட டபிள் பேஸ் என்னும் கருவி ஏறத்தாழ 6 அடி உயரமுடையது. சுமந்து செல்வதற்கு அரியது. பிற கருவிகளின் முழக்கத்தில் அதன் ஒலி அமிழ்ந்து போயிற்று. வீணைக்குள்ளன போன்ற மெட்டுகள் அதற்கு இல்லாமையால், சுரம் பிசகாது வாசித்தலும் கடினமாயிற்று.

இக்குறைகளைப் போக்கக் கருதிய பெண்டர், 1951இல் 'பிரிசிஷன் பேஸ்' என்னும் மின்கருவியை உருவாக்கினார். திண்ணிய மரவுடலும், நான்கு தந்திகளும் உடைய அதனைத் தோளில் மாட்டிக்கொண்டே வாசிக்கலாம். மெட்டுகள் சுரத்தைத் துல்லியமாக்கின. துல்லியம் என்பதே அதன் பெயருமாயிற்று. கழுத்துப்பகுதி திருகாணிகளால் பொருத்தப்பட்டமையால், நாளடைவில் தேய்ந்தால் அதனை மட்டும் மாற்றிவிடலாம். உழைத்துப் பிழைக்கும் கலைஞர்க்கு இது பேருதவியாயிற்று.

உடல்நலம் குன்றியமையால் 1965இல் அவர் தம் நிறுவனத்தை விற்றார். நலம் பெற்றபின் மீண்டும் கருவிகள் செய்தார்; 1991இல் மறையும்வரை அவர் உழைப்பு ஓயவில்லை.

கிதார் வாசிக்க அவர் ஒருநாளும் கற்றிலர். வாசிப்போர் கூறியவற்றைப் பொறுமையுடன் கேட்டமையாலேயே இசையுலகம் போற்றும் கருவியை அவரால் படைக்க முடிந்தது.