அணுவின் கருவைக் கண்ட அறிஞர்

நியூசிலாந்து நாட்டில், நெல்சன் நகரை அடுத்த சிற்றூரில், பன்னிரு மக்களுள் நான்காமவராக 1871-இல் பிறந்தவர் எர்னஸ்ட் ரூதர்போர்டு. தந்தை வண்டிச் சக்கரம் செய்பவர். தாய் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். உதவித்தொகை பெற்றே அவர் கற்றார். இங்கிலாந்து செல்லும் உதவித்தொகை முதலில் வேறொருவருக்கே கிடைத்தது. அவர் ஏற்காமையால் இவரை வந்தடைந்தது. 1895-இல் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். 1908-இல் நோபல் பரிசு பெற்றார்.

எனினும் அவரது பெரும்பணி அதன் பின்னரே நிகழ்ந்தது. 1909-இல் மான்செஸ்டரில், அவர் வழிகாட்ட, கைகர் என்பாரும் இருபது வயது மாணவர் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகளின்மீது ஆல்பாத் துகள்களைச் செலுத்தினர். இருட்டறையில் அமர்ந்து, துத்தநாக சல்பைடுத் திரையில் தோன்றிய ஒளிப்பொறிகளை நுண்ணோக்கி வழியே ஒவ்வொன்றாக எண்ணினர். ஏறத்தாழ 8000 துகள்களுள் ஒன்று வந்த பக்கமே திரும்பிச் சிதறியது. அதனைப் பிழையென்று தள்ளாது ஆராய்ந்த ரூதர்போர்டு, அணுவின் நடுவே மிகச் சிறிய கரு உண்டென 1911-இல் நிறுவினார். நைட்ரஜன் அணுக்கருவினின்று புரோட்டான் வெளிப்படுவதை 1919-இல் அறிவித்தார். 1937-இல் மறைந்தார். இன்றைய மாபெரும் துகள்முடுக்கிகளிலும், சிதறும் துகள்களையும் புதிதாய்த் தோன்றும் துகள்களையும் எண்ணியே இயற்கையின் உள்ளமைப்பை அறிகின்றனர்.

இளைஞர்களே! எண்ணாயிரத்தில் ஒன்றுதானே என்று விட்டிருந்தால் அணுக்கரு அன்று அறியப்பட்டிராது. ஒன்றையும் விடாது எண்ணுவதே அறிவியல். ஒருவரையும் விடாது எண்ணுவதே கல்வி.