ஆறு மாதம் ஆண்ட ஆயர்

அன்னை தெரேசாவை அறியாத மாணவி நம்மில் எவருமில்லை. அவர் பிறந்த அல்பேனிய இனத்தில் மற்றொரு பெரியவரும் தோன்றினார். ஆயராக இருந்துகொண்டே நாட்டின் பிரதமருமான அவர் பெயர் ஃபான் நோலி.

நோலி 1882-ஆம் ஆண்டு, அன்றைய துருக்கியப் பேரரசைச் சேர்ந்த இப்ரிக் தெபே என்னும் சிற்றூரில் பிறந்தார். 1906-இல் அமெரிக்கா சென்றார். மறு ஆண்டு அங்கே அல்பேனிய இளைஞர் ஒருவர் இறந்தார். அவர் தம் இனத்தின் விடுதலையை விரும்பியவர் என்பதால், அவரை அடக்கம் செய்யக் கிரேக்கக் குருக்கள் மறுத்துவிட்டனர். அல்பேனியர் மனம் கொதித்தது. தங்களுக்கென ஒரு குரு வேண்டுமென்று விரும்பினர். 1908-இல் நோலி மரபுவழித் திருச்சபையில் குருப்பட்டம் பெற்று, பாஸ்டன் நகரில் தம் தாய்மொழியிலேயே வழிபாடு நடத்தினார். நம் ஆலயங்களில் தமிழில் திருப்பலி ஒலித்தது 1962-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடிய பிறகுதான் என்பதை நினைத்தால், இதன் அருமை விளங்கும்!

1912-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1920-இல் அல்பேனியா சர்வதேச சங்கத்தில் உறுப்பு நாடாகச் சேர வாதாடி வென்றார். 1923-இல் ஆயரானார்.

1924 ஜூன் மாதம் நாட்டில் கிளர்ச்சி வெடித்தது. அகமது சோகு நாட்டைவிட்டு ஓட, நோலி பிரதமரானார். பெரும் பண்ணையார்களின் நிலத்தை ஏழை உழவர்க்குப் பகிர்ந்தளிப்பது உள்ளிட்ட 20 திட்டங்களை அறிவித்தார். நோக்கம் உயர்ந்ததே. ஆனால் கஜானாவில் பணமில்லை. நிலச் சீர்திருத்தத்தைப் பண்ணையார்கள் எதிர்த்தனர். சர்வதேச சங்கத்திடம் கேட்ட கடனும் கிடைக்கவில்லை. கிளர்ச்சியால் வந்த அரசு தேர்தல் நடத்தி மக்களின் ஒப்புதலைப் பெறாததும் ஒரு குறையாயிற்று. டிசம்பரில் சோகு யூகோஸ்லாவியாவின் துணையுடன் படை திரட்டி வந்தார். நோலியின் அமைச்சரவை கவிழ்ந்தது. அவர் இத்தாலிக்குத் தப்பினார். சோகு 1928-இல் மன்னராகவே முடிசூடிக்கொண்டார்.

பதவி போனதே என்று நோலி சோர்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் தம் மக்களுக்கு ஆயராகத் தொண்டாற்றினார். 63 வயதில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். இசைமேதை பீத்தோவனைப் பற்றி நூல் எழுதினார். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் சிலவற்றையும் அல்பேனிய மொழியில் பெயர்த்தார். 1965 மார்ச் 13 அன்று காலமானார்.

தோழியரே, நல்ல நோக்கம் இருந்தும் ஆட்சி நிலைக்காமல் போகலாம். ஆனால் தாய்மொழிக்கு அவர் செய்த பணியை எந்தப் படையாலும் பறிக்க முடியவில்லை. ஆங்கிலப் பாட வேளையில் ஜூலியஸ் சீசரைப் படிக்கும்போது, அதைத் தம் மக்களின் மொழியில் தந்த இந்த ஆயரையும் சற்றே நினைத்துக்கொள்வோம்.