யோகான்னெஸ் பிராம்ஸ்

மேனாட்டு இசைவாணருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் யோகான்னெஸ் பிராம்ஸ். இவர் 1833-ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள ஹாம்பர்க் நகரில் ஓர் எளிய வாத்தியக்காரரின் மகனாய்ப் பிறந்தார். 1853-இல் ஷூமன் என்னும் இசைப்பெரியார், காலம் எதிர்நோக்கியிருந்த கலைஞர் இவ்விளைஞரே எனப் பத்திரிகையிற் புகழ்ந்தெழுதினார்.

அப்புகழ் இவருக்குப் பெருஞ்சுமையாயிற்று. சிம்பொனி என்னும் பல்லியப் பேரிசையில் பீத்தோவன் எய்திய உயரத்தைத் தாம் எய்தக்கூடுமோ என்னும் ஐயம் இவர் நெஞ்சை அலைத்தது. 1859-இல் லைப்சிக் நகரத்து அவையோர், இவருடைய பியானோப் பேரிசையைக் கேட்டு இகழ்ச்சியொலி எழுப்பினர். குறையுடையனவாகத் தமக்குத் தோன்றிய படைப்புகள் பலவற்றை இவரே அழித்தொழித்தார். 1862-இல் தம் முதற் சிம்பொனியின் முதற்பகுதியைக் கிளாரா ஷூமன் அம்மையாருக்கு அனுப்பினார். ஆயின் அதனை முடிக்கத் துணிந்திலர்.

எனினும் இவர் கை சோம்பியிருக்கவில்லை. 1868-இல் மரித்தோரை நினைந்து துயருறுவோர்க்கு ஆறுதலாக, வேதவாக்கியங்களைக் கொண்டமைத்த ஜெர்மன் ரெக்வியத்தை அரங்கேற்றினார். 1873-இல் ஹைடன் பெயரால் ஒரு பல்லிய இசையை இயற்றினார். இங்ஙனம் படிப்படியாய்த் தேறி, 1876-இல் தம் நாற்பத்து மூன்றாம் வயதில் முதற் சிம்பொனியைக் கார்ல்ஸ்ரூ நகரில் அரங்கேற்றினார். அடுத்த ஆண்டிலேயே இரண்டாவது பிறந்தது! 1885-க்குள் நான்கு நிறைந்தன. 1897-இல் வியன்னாவில் உயிர்நீத்தார்.

ஐயம் முற்றும் அகன்றபின் இவர் எழுதினாரல்லர். எழுதியெழுதியே ஐயத்தை வென்றார். பிழைக்கு அஞ்சித் தாலந்தை மண்ணிற் புதைப்போமாயின், நாம் கணக்கொப்புவிப்பது எங்ஙனம்?