சிறுமிகளைக் கிழவி ஆக்கிய சேலை! சகோதரி சுப்புலட்சுமியின் வாழ்க்கைக் கதை

திருவள்ளூர் கடைத்தெரு. பண்டிகைக் காலம். சேலைக்கடையில் கூட்டம் நெரிகிறது. கடைக்காரர் ஒரு சேலையை விரித்துக் காட்டுகிறார். கண்ணாடி முன் நிற்கும் பெண் அதைத் தோளில் போட்டுப் பார்க்கிறாள். நிறம் பிடித்திருக்கிறது. விலையும் கட்டுப்படியாகிறது. ஆனால் ஒரு சந்தேகம். இது வயதைக் கூட்டிக் காட்டுமோ?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. சுடிதார் போட்டால் வயது குறைந்து தெரிகிறது, நூல் சேலை கட்டினால் பத்து வயது கூடித் தெரிகிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இதில் கொஞ்சம் உண்மை உண்டு. கஞ்சி போட்டு விறைத்த துணி உடலோடு படியாது. ஆளைப் பருமனாகக் காட்டும். மங்கிய நிறம் முகத்தையும் வாட்டமாகக் காட்டும்.

ஆனால் துணி மட்டும்தான் காரணமா? இல்லை. இன்ன வயதுக்கு இன்ன துணி என்று ஊர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. பாட்டிமார் கட்டும் சேலை என்று பெயர் வாங்கிய சேலையைக் குமரிப் பெண் கட்டினால், பார்ப்பவர் கண்ணுக்கு அவளும் பாட்டியாகத் தெரிகிறாள்.

இன்று இது கண்ணாடி முன் வந்து போகும் சின்னக் கவலை. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அப்படி அல்ல. உடுத்தும் துணியாலேயே எத்தனையோ சிறுமிகள் கிழவிகளாக ஆக்கப்பட்டார்கள். அந்தச் சிறுமிகளைக் கைதூக்கி விட்ட ஒரு பெண்மணி இருந்தார். அவர்தான் சகோதரி சுப்புலட்சுமி.

மாவட்டத்தில் முதல் இடம்

சுப்புலட்சுமி 1886-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந்தேதி சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய அய்யர். தாய் விசாலாட்சி. அவர்களுக்கு சுப்புலட்சுமி மூத்த மகள்.

சிறு வயதிலேயே படிப்பில் கெட்டிக்காரி. அந்தக் காலத்தில் நான்காம் வகுப்புக்கே பொதுத் தேர்வு உண்டு. 9 வயதில் அந்தத் தேர்வை எழுதி, செங்கல்பட்டு மாவட்டத்தில் முதலாவதாகத் தேறினார். இன்றைய திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி எல்லாம் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997-ல்தான்.

இத்தனை கெட்டிக்காரப் பெண்ணுக்கும் ஊர் வழக்கம் விலக்குத் தரவில்லை. 11 வயதில் கல்யாணம் நடந்தது. சிறிது காலத்திலேயே கணவர் இறந்துவிட்டார். வாழ்வு என்றால் என்ன என்று தெரியும் முன்பே, வாழ்வு முடிந்துவிட்டது என்று ஊர் சொல்லிவிட்டது.

விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856-ம் ஆண்டிலேயே சட்டம் வந்திருந்தது. ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தது. வழக்கம் வீட்டில் இருந்தது.

அந்தக் கோலம்

அந்தக் காலத்துப் பிராமணக் குடும்பங்களில் விதவைக்கு என்று ஒரு கோலம் இருந்தது.

பூவும் பொட்டும் போய்விடும். வளையல் போய்விடும். வண்ணச் சேலை கூடாது. ரவிக்கை கூடாது. விதவையானவள் சிறுமி என்றால், பருவம் வந்ததும் தலையை மழித்து விடுவார்கள். வெள்ளையோ காவியோ, பகட்டில்லாத ஒரே ஒரு சேலை. அதன் தலைப்பால் தலைக்கு முக்காடு. இதுதான் அவளுக்கு விதிக்கப்பட்ட உடை.

ஒரு பெண்ணின் வயதை எதை வைத்துச் சொல்கிறோம்? கூந்தலை வைத்துச் சொல்கிறோம். உடுத்தும் நிறத்தை வைத்துச் சொல்கிறோம். உடுத்தும் விதத்தை வைத்துச் சொல்கிறோம். இந்த மூன்றும் பறிபோனால் பதினைந்து வயதுக்கும் அறுபது வயதுக்கும் தோற்றத்தில் என்ன வேறுபாடு இருக்கும்?

பாட்டியும் பேத்தியும் ஒரே கோலத்தில் ஒரே அடுப்படியில் நின்ற வீடுகள் அன்று இருந்தன. வீதியில் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று ஒதுங்கிப் போனார்கள். துணியைப் பார்த்ததுமே அவள் யார் என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் அந்தத் துணி. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, அவளுக்கும் இனி ஆசை எழக் கூடாது என்பது ஊரின் எண்ணம்.

மனைவியை இழந்த ஆணுக்கு இப்படி ஓர் உடை உண்டா? கிடையாது. அவர் மறுபடியும் பட்டு வேட்டி கட்டி மணையில் உட்காரலாம்.

பெற்றோர் எடுத்த முடிவு

சுப்புலட்சுமியின் பெற்றோர் மகளை அந்த மூலையில் தள்ள மனம் ஒப்பவில்லை. உறவினர் என்ன சொல்வார்களோ என்று அஞ்சவும் இல்லை. மகளைப் படிக்க வைப்பது என்று முடிவு செய்தார்கள். தந்தையே வீட்டில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். பிறகு எழும்பூரில் கிறிஸ்தவக் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் சேர்த்தார்.

அங்கே அந்தக் கன்னியாஸ்திரிகளின் தொண்டு சுப்புலட்சுமியின் மனதில் ஆழமாகப் பதிந்தது.

அவர்களும் தலையை மூடியவர்கள்தான். அவர்களும் நகை அணியாதவர்கள், வண்ண உடை உடுத்தாதவர்கள்தான். ஆனால் அவர்களைக் கண்டு யாரும் ஒதுங்கவில்லை. மதிப்போடு வணங்கினார்கள். அவர்கள் பள்ளி நடத்தினார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள்.

இரண்டும் பகட்டில்லாத உடைதான். ஒன்று தானாக விரும்பி ஏற்றது. மற்றொன்று பிறர் வலிந்து போர்த்தியது. ஒன்றை உடுத்தியவருக்குக் கையில் வேலை இருந்தது. மற்றொன்றை உடுத்தியவளுக்கு வீட்டு மூலைதான் இருந்தது. வேறுபாடு துணியில் இல்லை.

சுப்புலட்சுமி மேலும் படித்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1911-ம் ஆண்டு பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவரே.

ஐஸ் ஹவுசில் ஒரு புது வாழ்வு

பட்டம் பெற்ற சுப்புலட்சுமி தன் வாழ்வு மட்டும் மலர்ந்தால் போதும் என்று இருக்கவில்லை. எழும்பூரில் தந்தையின் வீட்டிலேயே இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைக்கத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் நான்கே பேர். 1912-ல் சாரதா மகளிர் சங்கத்தை அமைத்தார். பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் அம்மையார் துணை நின்றார். அரசாங்கத்தின் உதவியும் கிடைத்தது.

சிறுமிகள் பெருகினார்கள். இடம் போதவில்லை. 1917-ல் விடுதி கடற்கரை ஐஸ் ஹவுசுக்கு மாறியது.

அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டிய கட்டடம் அது. சுவாமி விவேகானந்தர் 1897-ல் தங்கியதும் அங்கேதான். இன்று அது விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் விளங்குகிறது. பனிக்கட்டி இருந்த அந்த வீட்டில்தான் இளம் விதவைகளின் புது வாழ்வு தொடங்கியது.

பழமையில் ஊறியவர்கள் எதிர்த்தார்கள். விதவைப் பெண் வீதியில் இறங்கிப் பள்ளிக்குப் போவதா என்று கொதித்தார்கள். சுப்புலட்சுமி சண்டைக்குப் போகவில்லை. பெற்றோரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். தயங்கி நின்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் பெண்களை அனுப்பினார்கள்.

இந்தப் பெண்களுக்கு அவர் கொடுத்தது பட்டுச் சேலை அல்ல. புத்தகம் கொடுத்தார். ஆசிரியை வேலைக்குப் பயிற்சி கொடுத்தார். 1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். வயது வந்த விதவைகளும் படிக்க வேண்டும் என்று 1927-ல் சாரதா வித்யாலயாவை நிறுவினார்.

சம்பளம் வாங்கும் பெண் தன் சேலையைத் தானே வாங்குவாள். எந்த நிறம், எந்தக் கரை என்று அவளே முடிவு செய்வாள்.

எல்லோருக்கும் சகோதரி

சிறுமிகள் விதவையாவதைத் தடுக்க வேண்டுமானால் சிறுமிகளுக்குக் கல்யாணம் செய்வதைத் தடுக்க வேண்டும். இதை சுப்புலட்சுமி நன்கு அறிந்திருந்தார். பெண்ணுக்குத் திருமண வயது 14 என்று விதித்த சாரதா சட்டம் 1929-ல் நிறைவேறியது. அதை அவர் ஆதரித்தார். (இன்று பெண்ணின் திருமண வயது 18.)

1920-ல் ஆங்கில அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது. 1952 முதல் 1956 வரை சென்னை சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1954-ல், 68-வது வயதில், தாம்பரம் அருகே மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டு செய்யத் தொடங்கினார். 1958-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இத்தனை பெருமை வந்தும் கடைசி வரை அவர் எளிய உடையே உடுத்தினார். பகட்டான நிறம் இல்லை. நகை இல்லை. ஆயினும் அவரைக் கண்டவர்கள் பாவம், விதவை என்று இரங்கவில்லை. சகோதரி என்று அன்போடு அழைத்தார்கள். அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது.

1969-ம் ஆண்டு டிசம்பர் 20-ந்தேதி, வைகுண்ட ஏகாதசி நாளில், 83-வது வயதில் சகோதரி சுப்புலட்சுமி காலமானார்.

கண்ணாடி முன் நிற்கும் பெண்ணுக்கு...

திருவள்ளூர் சேலைக்கடையில் இன்றும் அந்தச் சந்தேகம் கேட்கும். கேட்கட்டும். பளிச்சென்ற நிறம் வேண்டும் என்றால் வாங்கலாம். இளம் வயதிலேயே வெள்ளை நூல் சேலைதான் பிடிக்கிறது என்றால் அதையும் கட்டலாம். அதனால் யாரும் கிழவி ஆகிவிட மாட்டார்கள்.

கணவரை இழந்த பெண் நல்ல நிறத்தில் ஒரு சேலை எடுத்தால் முகம் சுளிக்கும் வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. அந்த வீடுகளில் இருப்பவர்கள் சகோதரி சுப்புலட்சுமியை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். அவளுக்குப் பிடித்த சேலையை அவளே எடுத்துக் கொள்ளட்டும் என்று விட்டுவிட வேண்டும்.