சிப்பி மேட்டில் தொடங்கிய பாடம்

வரலாறு என்றால் ஆண்டுகளையும் அரசர்களையும் மனனம் செய்வதுதான் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் எட்வர்ட் சில்வெஸ்டர் மோர்ஸ். தந்திக் குறியீட்டுக்குப் பெயர் தந்த மோர்ஸ் வேறொருவர். இவர் ஜப்பானின் கதையைச் சட்டி பானைகளாலும் சித்திரங்களாலும் சொன்னவர்.

1838இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பிறந்தார். படிப்பு அவருக்கு இலகுவாக அமையவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளிலிருந்து விலக்கப்பட்டார். ஆனால் சிப்பிகளையும் நத்தை ஓடுகளையும் தேடிச் சேர்ப்பதிலும், அவற்றை அச்சொட்டாக வரைவதிலும் சிறுவயதிலேயே தேர்ந்திருந்தார். அந்த ஆர்வமே அவரை ஹார்வர்டில் பேராசிரியர் லூயி அகாசியின் உதவியாளராக்கியது.

1877இல் கடல்வாழ் உயிரினங்களை ஆராய ஜப்பான் சென்றார். யொகோஹாமாவிலிருந்து டோக்கியோவுக்குப் புகையிரதத்தில் செல்கையில், ஓமோரி என்னுமிடத்தில் பாதைக்காக வெட்டப்பட்ட மேட்டில் சிப்பிகள் குவிந்திருப்பதைக் கண்டார். எத்தனையோ பயணிகள் பார்த்துக் கடந்த மேடுதான் அது. பண்டைய மக்கள் உண்டு எறிந்த கழிவு அது என்பது மோர்ஸுக்கு விளங்கியது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பிக்கத் தொடங்கிய அவர், தம் மாணவர்களுடன் அங்கு அகழாய்வு செய்தார். கயிற்றுத் தடம் பதிந்த மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அத்தடத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லான ‘ஜோமொன்’ இன்று அந்நாட்டு வரலாற்றின் மிக நீண்ட காலப்பகுதியொன்றின் பெயராக நிலைத்துவிட்டது.

அக்காலத்தில் ஜப்பான் மேலைநாட்டு வழிகளுக்கு வேகமாக மாறிக்கொண்டிருந்தது. பழைய பொருட்கள் கைவிடப்பட்டன. மோர்ஸோ மட்பாண்டங்களையும், மரச்செருப்பு, தச்சுக் கருவி, சிறுவர் விளையாட்டுப் பொருள் போன்ற சாதாரண சாமான்களையும் சேர்த்தார். அவர் திரட்டிய ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மட்பாண்டங்கள் பொஸ்டன் நூதனசாலைக்குச் சென்றன. அன்றாடப் பொருட்கள் அவர் பொறுப்பிலிருந்த சேலம் நூதனசாலையில் இடம்பெற்றன. ஜப்பானிய வீடுகளைப் பற்றி எழுதிய நூலில் சமையலறை, கிணறு, கூரை என அனைத்தையும் தாமே வரைந்து காட்டினார். விரிவுரைகளில் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் கரும்பலகையில் வரைவாராம்!

1923இல் நேர்ந்த பெரும் பூமியதிர்ச்சியில் டோக்கியோ பல்கலைக்கழக நூலகம் எரிந்தது. அதை அறிந்த மோர்ஸ், தம் நூல்கள் அனைத்தையும் அதற்கே எழுதிவைத்தார். 1925இல் காலமானார். 2013இல் அவருடைய சேகரிப்பிலிருந்த பொருட்கள் டோக்கியோவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. தங்கள் முன்னோரின் வாழ்வை ஜப்பானியர் ஓர் அந்நியர் காத்த பொருட்களில் கண்டனர்.

இதைப் படித்த அன்று, எங்கள் வீட்டுப் பின்புறத்தில் கிடந்த உம்மம்மாவின் தேங்காய்த் திருவலையைத் துடைத்தெடுத்தேன். அதைக் கொப்பியில் வரைந்தேன். யார் செய்து கொடுத்தது, எந்தெந்தக் கல்யாணங்களுக்குத் தேங்காய் திருவியது என்று உம்மம்மாவிடம் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. கதை இன்னும் முடியவில்லை.