தன்னை ஆண்ட தலைவர் – சேர் பொன்னம்பலம் அருணாசலம்

சபரகமுவ மாகாணத்துத் தோட்டங்களிலே பொழுது புலருமுன் பெரட்டுக்களத்தில் எழும் குரல்களை நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் அறிவர். இரத்தினபுரி, கேகாலைப் பகுதித் தேயிலை, இறப்பர் மலைகளில் இன்று கணக்கப்பிள்ளைகளாகவும் மேற்பார்வையாளராகவும் ஆசிரியராகவும் கடமையாற்றுவோர் அவருட் பலராவர். பலரை ஏவி வேலை வாங்குபவனுக்கு முதலில் வேண்டுவது யாது? தன் மனத்தைத் தான் ஆளும் திறனே என்பது நம் துணிபு. அதற்குச் சான்றாக ஒரு பெரியாரின் வாழ்வை ஈண்டு நினைவு கூர்வோம்.

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் கொழும்பிலே பொன்னம்பல முதலியாரின் மைந்தராகத் தோன்றினார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இவர்தம் தமையனார். கேம்பிரிட்ஜ் சென்று கற்று, 1875ஆம் ஆண்டில் போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கைச் சிவில் சேவையில் இடம் பெற்ற முதல் இலங்கையர் என்னும் புகழை எய்தினார்.

ஆயினும் அப்புகழ் அவருக்கு மலர்ப் படுக்கையாகவில்லை. தேசாதிபதி ஆதர் கோர்டன் மூத்தோர் பலரைக் கடந்து இவரைப் பதிவாளர் நாயகம் பதவியில் அமர்த்தியபோது, வெள்ளை உத்தியோகத்தர் கண்டனக் குரல் எழுப்பினர். அக்காரியாலயமோ ஒழுங்கு குலைந்து கிடந்தது. மேலே பொறாமை, கீழே சீர்கேடு. சினம் மூள இதனினும் வேறு காரணம் வேண்டுமோ? அருணாசலமோ வாதாடுவதை விடுத்து வேலையிற் கை வைத்தார். குழம்பிக் கிடந்த பதிவேடுகள் ஒழுங்கு பெற்றன. பின்னர் 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பையும் அவரே நடத்தி, அறிஞர் போற்றும் அறிக்கை ஒன்றை வெளியிட்டார்.

இவ்வமைதி எங்கிருந்து வந்தது? தஞ்சையைச் சார்ந்த இராமசாமி என்னும் ஞானியைச் சகோதரர் இருவரும் குருவாகக் கொண்டிருந்தனர். அருணாசலத்தின் கேம்பிரிட்ஜ் நண்பர் எட்வர்ட் கார்ப்பென்ரர் 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, அக்குருவிடம் பாடங் கேட்டு, 1892இல் வெளியிட்ட தம் பயண நூலில் அதனை விரித்துரைத்தார். ஓடும் எண்ணத்தை நிறுத்தவும், வேண்டாத எண்ணத்தை விலக்கவும் பழகுதலே அப்பாடத்தின் சாரம். காரியாலயக் கதிரையில் அமர்ந்த அருணாசலத்திற்கும் அதுவே துணையாயிற்று என்பது நம் எண்ணம்.

அவர் சினமே அறியாதவர் என நாம் சொல்லமாட்டோம். தோட்டத் தொழிலாளரின் நிலை அவரைக் கொதிக்கச் செய்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தொழிலாளி துரையை எதிர்த்துப் பேசினும் சிறை செல்ல நேரிடும். துரையின் கடுஞ்சொல்லுக்கோ அச்சட்டத்திலே தண்டனை இல்லை. எளியவன் கோபம் குற்றம், வலியவன் கோபம் அதிகாரம் என்றிருந்த காலம் அது. மேலும், முற்பணக் கடனோடு கடல் கடந்து வந்தவன் வேறு தோட்டம் செல்ல விரும்பினால், கடனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் துண்டு வேண்டும். புதிய துரை கடனைச் செலுத்தி ஆளை ஏற்பார்; கடன் மட்டும் நிழல்போல் அவனைத் தொடரும்.

1913ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற அருணாசலம், 1919ஆம் ஆண்டில் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை நிறுவித் தலைவரானார். தோட்டச் சமூகத்திலே தோன்றிய நியாயதுரந்தரர் பெரி சுந்தரம் செயலாளராக உடன் நின்றார். வசைபாடலால் அன்றி, விண்ணப்பத்தாலும் விவாதத்தாலும் அவர்கள் போராடினர். இந்திய அரசின் வற்புறுத்தலும் உடன் சேர, துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிந்தது. சிறைத் தண்டனை விதிகளும் அக்காலத்திலேயே நீங்கின.

அதே 1921ஆம் ஆண்டு அவருக்குப் பெருந்துயரையும் தந்தது. 1919இல் தாமே முதற்றலைவராக இருந்து உருவாக்கிய இலங்கைத் தேசிய காங்கிரசிலே, மேல் மாகாணத்துத் தமிழர் பிரதிநிதித்துவம் பற்றி அளிக்கப்பட்ட வாக்குறுதி காக்கப்படவில்லை. அவர் விலகினார், ஆயினும் சோர்ந்து முடங்கினாரல்லர். எழுபதை எட்டும் வயதில், 1923ஆம் ஆண்டில், இலங்கைத் தமிழ் லீக்கை நிறுவினார். 1924ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள், தல யாத்திரை சென்றவிடத்து மதுரையிலே இறைவனடி சேர்ந்தார்.

திருவள்ளுவர் வெகுளாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்து, நம் சினம் பலிக்கக்கூடிய எளியோரிடத்து அதனைக் காத்தலையே முதலில் வைத்தார். வகுப்பறையிலே பிரம்பை ஓங்கிய பின் நாமே நாணி நின்ற நாள்களும் உண்டு. ஆகவே இதனைப் பிறர்க்கு மட்டும் உரைக்கின்றோமல்லேம். சினத்தை விழுங்கி வாளாவிருத்தல் அடக்கமன்று; எளியோர்மேற் பாயவிடாது, அநீதியை நீக்கும் உழைப்பாக அதனை மாற்றுதலே அடக்கம். நாளைக் காலை பெரட்டுக்களத்தில் பிந்தி வந்த ஒருத்தியை நோக்கிக் குரலெழுப்புமுன், நம் மாணவர் ஒரு கணம் அருணாசலத்தை நினைப்பாராக. அதுவே இம்மலருக்கு நாம் வேண்டும் பயன்.