விரும்பாத வீரர்

சண்டையை விரும்பாத வீரன் என்றதும் என் நினைவுக்கு வருபவர் கேரி கூப்பர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலே 1901இற் பிறந்தவர். மதப்பற்றாற் போரை வெறுத்தும் போர்முனை சென்ற யோர்க்காக 1941இல் நடித்து ஒஸ்கார் பெற்றார். ‘ஹை நூன்’ (1952) இரண்டாம் ஒஸ்காரை ஈந்தது. அதில் ஊரார் கைவிட, நான்கு கொலைஞரை எதிர்நோக்கி அஞ்சியபடியே நிற்கும் மார்ஷல் அவர். அம்முகத்து வேதனை முழுவதும் நடிப்பென்றே எண்ணியிருந்தேன். அப்போது வயிற்றுப்புண் அவரை வாட்டியதைப் பின்னரே அறிந்தேன்.

அப்படத்தின் கதாசிரியர் கார்ல் போர்மன், கொம்யூனிஸ்டுகளைத் தேடிய விசாரணையில் எவரையும் காட்டிக்கொடுக்க மறுத்தார். அவரோடு கூட்டுச்சேர முன்வந்த கூப்பர், நெருக்குதல் மிகவே விலகிக்கொண்டார். திரையில் நின்றவர் இங்கே நிற்கவில்லையே என்று நான் வருந்தியதுண்டு. போர்மனோ நொந்துகொள்ளவில்லை, பெரிய நடிகருள் தமக்காக முயன்றவர் அவர் ஒருவரே என்று கருதினார். கூப்பர் 1961இற் காலமானார்.